வழக்குச் சொத்தான மொய் நோட்டு

"வக்கீல் ஐயா, பணம் எங்க வேணா கெடக்கட்டும். அந்த நோட்ட மட்டும் எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துருங்க."

2020 ஜூன் மாதம். பொதுமுடக்கம் தளர்ந்தும் தளராமலும் இருந்த நாட்கள். தஞ்சாவூரில் என் அலுவலகத்து வாசலில், ஆறடி தள்ளிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். பேராவூரணிப் பக்கத்துக் கிராமம். கூட வந்தவர் அவருடைய அண்ணன். அண்ணன் நீட்டிய எஃப்.ஐ.ஆர். நகலைச் சானிடைசர் தடவிய கையால் வாங்கிப் படித்தேன். இந்தியத் தண்டனைச் சட்டம் 406, 420. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி. நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், கணினி வழி ஆள்மாறாட்டம். முதல் எதிரி அதே ஊரைச் சேர்ந்த 24 வயது எலக்ட்ரீஷியன். இரண்டாம் எதிரி என் எதிரே உட்கார்ந்திருந்த இந்தத் தாய். ஐந்து மாதத்துக்கு முன் ஒன்பது வயது மகளை இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்த மகளின் நோயைக் காட்டி ஊரை ஏமாற்றினார் என்பது குற்றச்சாட்டு.

கைது செய்வார்களா, முன்ஜாமீன் கிடைக்குமா என்றெல்லாம் அண்ணன்தான் கேட்டார். அந்தப் பெண் நோட்டைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. முதலில் எனக்கு அது விளங்கவில்லை. மகள் சம்பந்தப்பட்ட ஏதோ நினைவுப் பொருள், பள்ளிக்கூட நோட்டு போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அண்ணன்தான் சொன்னார்: "மொய் நோட்டுங்க. ஸ்டேஷன்ல எடுத்துட்டுப் போயிட்டாங்க."

இங்கே மொய் விருந்து பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேராவூரணி வட்டாரத்திலும் அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கிற வழக்கம் இது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, விருந்துதான் விசேஷம். பத்திரிகை அடித்து, பிளெக்ஸ் வைத்து, கிடா வெட்டிக் கறிச்சோறு போடுவார்கள். கை கழுவி வருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மொய் எழுத்தர்களிடம் ஊர், பேர், தொகை சொல்லி மொய் எழுதிவிட்டுப் போவார்கள். பணம் எண்ணும் எந்திரமும் வங்கி ஊழியரும் துப்பாக்கி ஏந்திய காவலரும் நிற்கிற பந்தல்களைப் பார்த்திருக்கிறேன். வந்த பணத்தில் நிலம் வாங்குவார்கள், போர் போடுவார்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார்கள். ஆனால் வந்த ஒவ்வொரு ரூபாயும் கடன். மொய் எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வாங்கிய தொகையை மட்டும் திருப்பினால் கணக்கு அதோடு முடிந்தது. கூடக் கொஞ்சம் சேர்த்து எழுதினால் அந்தக் கூடுதல் தொகை புதுக் கணக்கு. இனி அவர் நமக்குச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, புரோநோட்டு கிடையாது. காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டுக் கடன் மூன்று வருடத்தில் செத்துப்போகும். மொய் சாகாது. இத்தனை வருடத் தொழிலில் மொய் பாக்கி என்று ஒரு வழக்குகூட என்னிடம் வந்ததில்லை.

இந்த வழக்கின் விருந்து வேறு மாதிரியானது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. அந்தத் தாயின் கணவர் தேங்காய் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஏற மரம் இல்லாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மகளுக்கு நோய் தெரிந்து அதற்குள் ஒரு வருடம் ஆகியிருந்தது. குழந்தைகளுக்கு வரும் இந்த வகை இரத்தப் புற்றுநோய், ஒழுங்காக மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. இரண்டு, இரண்டரை வருடம் விடாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் பாடு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சென்னையில் சிகிச்சை நடந்தது, நோய் அடங்கியது. 2019 நடுவில் திரும்ப வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய வேண்டும், காப்பீடு போகப் பல லட்சம் கையிலிருந்து ஆகும் என்றார்கள்.

ஊர்ப் பையன்கள் எட்டுப் பேர் கூடினார்கள். புயலில் நிவாரணம் சேர்த்த வாட்ஸ்அப் குழு அவர்களிடம் உயிரோடு இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவன் ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்தான். முடி கொட்டிய தலையோடு அந்தக் குழந்தை சிரிக்கும் படம், கீழே மருத்துவமனைச் செலவு மதிப்பீட்டுக் கடிதம், அதற்குக் கீழே எலக்ட்ரீஷியனின் ஜி-பே எண். இதோடு நிற்காமல் ஒருவன் சொன்னானாம்: "நம்ம ஊர்ல விருந்து வெச்சா வராதவன் யாரு? அதையும் வெப்போம்." ஆவணியில் குழந்தையின் பெயரில் மொய் விருந்து. கிடா தந்தவர் இருவர், அரிசி தந்தவர் பலர். சமையல்காரர் கூலி வாங்கவில்லை. பத்திரிகையில் தலைப்புக்குக் கீழே ஒரு வரி போட்டார்கள்: இது திருப்பிச் செய்ய வேண்டாத மொய்.

அந்த வரிதான் பிறகு வழக்கில் பெரிய வரியாயிற்று.

விருந்தில் ஏறக்குறைய 7 லட்சம். இணையத்தில் 11 லட்சம். புயல் அடித்து ஒரு வருடம்கூட ஆகாத ஊர்களிலிருந்து வந்த 7 லட்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்காக ஊரிடம் கை நீட்டுவது எங்கள் பக்கத்துக்குப் புதியதும் இல்லை. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னையில் தனியாக ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று 1935-லேயே பேசத் தொடங்கி, இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டி, 1952-ல் நேருவை அடிக்கல் நாட்ட வைத்து, 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளோடு திறந்தார். கூப்பிடுகிற கருவி மாறியிருக்கிறது. கொடுக்கிற கை அதே கைதான்.

குழந்தை மாற்று சிகிச்சை வரை போகவில்லை. அதற்கு முந்தைய மருந்துகளில் இரத்த அணுக்கள் குறைந்து, கிருமி தொற்றி, 2020 பொங்கல் முடிந்த வாரம் இறந்துவிட்டாள். வந்த 18 லட்சத்தில் 8 லட்சம் போல மருத்துவமனைக்குக் கட்டியாகிவிட்டது. மீதி 10 லட்சம் அந்த எலக்ட்ரீஷியனின் சேமிப்புக் கணக்கில் இருந்தது.

மே மாதம் அதே படம் மறுபடி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. அதே சிரிப்பு, அதே மருத்துவமனைக் கடிதம். தேதியும் ஜி-பே எண்ணும் மட்டும் மாற்றப்பட்டிருந்தன. எவனோ ஒருவன் இறந்த குழந்தையின் படத்தை எடுத்துத் தன் எண்ணைப் போட்டுப் பணம் பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பூரில் ஒரு கடைக்காரர், முன்பு 2,000 ரூபாய் அனுப்பியவர், பதறிப்போய் இன்னொரு 1,000 அனுப்பினார். பிறகு பழைய ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், ஜனவரியிலேயே போட்ட கண்ணீர் அஞ்சலி. குழந்தை செத்தும் வசூல் நிற்கவில்லையா என்று கொதித்துப் புகார் கொடுத்தார். அவர் மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

போலீஸ் விசாரித்தது. புது எண்ணின் சிம் கார்டு எங்கோ வடமாநிலத்து முகவரி. அது கைக்கு எட்டவில்லை. எட்டியது ஊரில் இருந்த எலக்ட்ரீஷியன். அவன் கணக்கில் 10 லட்சம் கிடந்தது. நோட்டும் இருந்தது. கணக்கை முடக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் போயிற்று. நோட்டும் அவன் செல்போனும் கைப்பற்றல் மகஜரில் ஏறின. ஊரில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள். அந்தத் தாய் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், பிணத்தை வைத்துச் சம்பாதித்தவள் என்று காதுபட ஒருத்தி சொன்னாளாம். அண்ணன் இதைச் சொல்லும்போது அந்தப் பெண் வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்டு எதுக்கும்மா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"யார் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும்னு தெரியணும்ல ஐயா."

"அதான் திருப்பிச் செய்ய வேண்டாம்னு பத்திரிகையிலயே போட்டிருக்காங்களே?"

"அது பயலுவ போட்டது. நான் போடல."

முன்ஜாமீன் மனு முதலில். தஞ்சாவூர் மாவட்டம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குள் வருகிறது. பக்கத்துத் திருவாரூர்க்காரர் சென்னைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. காணொளி விசாரணை. கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, பின்னால் பீரோ தெரியாமல் திரும்பி உட்கார்ந்து வாதாடினேன். அரசுத் தரப்பு ஒரு குறிப்பிட்ட தொகையைப் பிடித்துக்கொண்டது. ஜனவரியில் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட 38,000 ரூபாய். மருத்துவமனைக்குக் கட்டியதாக ரசீது இல்லை. கொடுத்தவர்கள் சிகிச்சைக்குக் கொடுத்தார்கள், இந்தப் பணம் சிகிச்சைக்குப் போகவில்லை, ஆகவே கையாடல்.

அந்த 38,000 என்னவென்று அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார். சென்னையிலிருந்து குழந்தையை ஊருக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் வாடகை, ஐஸ் பெட்டி, அடக்கச் செலவு. ஆம்புலன்ஸ்காரர் எழுதித் தந்த துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது. அதை மனுவோடு சேர்த்திருந்தேன். நீதிபதி சீட்டைப் பார்த்துவிட்டு அரசு வழக்கறிஞரிடம், "வேறெப்படிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இருவருக்கும் முன்ஜாமீன் கிடைத்தது.

ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. சட்டப்படி பார்த்தால் அரசு வழக்கறிஞர் சொன்னதில் பசை இருந்தது. ஒரு காரியத்துக்கென்று கொடுத்த பணம் அந்தக் காரியத்துக்குக் கட்டுப்பட்டது. வாங்கி வைத்திருப்பவன் அதற்குச் சொந்தக்காரன் ஆக மாட்டான், தருமகர்த்தா. அப்படியானால் காரியம் முடிந்தபின் மிஞ்சுகிற பணம் யாருடையது?

1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தில் 83-வது பிரிவு இதற்குத்தான். அறக்கட்டளையின் நோக்கத்தை நிறைவேற்ற முடியாமல் போனாலோ, நோக்கம் நிறைவேறியும் சொத்து மிஞ்சினாலோ, மாற்று ஏற்பாடு எதுவும் சொல்லப்படாவிட்டால், மிஞ்சியது கொடுத்தவருக்கு அல்லது அவர் வாரிசுக்கு உரியது. பொது தருமம் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே நீதிமன்றம் அதை ஒத்த வேறொரு தருமத்துக்குப் பணத்தைத் திருப்பலாம். ஒரே ஒரு குழந்தைக்கென்று சேர்த்தது பொது தருமம் ஆகாது. ஆக 83-தான்.

தேடிப் பார்த்தால் இங்கிலாந்தில் இதே சங்கடம் வந்திருக்கிறது. காது கேளாத, வாய் பேசாத இரு பெண்களின் பராமரிப்புக்காக நண்பர்கள் சேர்த்த நிதி, இருவரும் இறந்தபின் மிஞ்சியது. 1900-ல் தீர்ப்பான அபட் நிதி வழக்கு. பணம் கொடுத்தவர்களுக்கே திரும்ப வேண்டும் என்றார் நீதிபதி. இன்னொன்று 1951 டிசம்பரில் கில்லிங்ஹாமில் பேருந்து மோதி படைப் பயிற்சியில் இருந்த 24 சிறுவர்கள் இறந்த விபத்து. ஊர் மேயர்கள் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்து நிதி சேர்த்தார்கள். பெரும்பகுதி உண்டியலில் விழுந்த காசு. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியதைப் பெயர் தெரியாத அவர்களுக்காகவும் வைத்திருக்க வேண்டும் என்று 1958-ல் தீர்ப்பு வந்தது. திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாத பணம், யாருக்கும் உதவாமல் நீதிமன்றக் கணக்கில் வருடக் கணக்காகக் கிடந்தது.

இதைப் படித்தபோதுதான் அந்தத் தாய் என்னிடம் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது. கில்லிங்ஹாமில் இல்லாத ஒன்று பேராவூரணியில் இருந்தது. நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார்கள். இணையத்தில் வந்த 11 லட்சத்துக்கும் வங்கி அறிக்கையில் பெயர் இருந்தது. போலீஸுக்கு அந்த நோட்டு ஏமாந்தவர்கள் பட்டியல். எனக்கு அது பணத்தின் சொந்தக்காரர்கள் பட்டியல். அந்தத் தாய்க்கு அது கடன்காரர்கள் பட்டியல். அவர்களுக்கு அவர் பட்ட கடன். மூன்று பேருமே ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தோம், அவர் எங்களுக்கு முன்பே.

நோட்டைக் கேட்டுப் பட்டுக்கோட்டை நீதிமன்றத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-ன்படி மனுப் போட்டேன். அசல் விசாரணை முடியும்வரை நீதிமன்றத்தில் இருக்க வேண்டும், சான்றிட்ட நகல் தரலாம் என்று உத்தரவு. நகல் எடுக்க அசலைப் பார்வையிட்டபோதுதான் அந்த நோட்டை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். நீளவாக்கில் கட்டம் போட்ட தடித்த பேரேடு. நான்கு மூலையிலும் மஞ்சள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடியில் குழந்தையின் பெயர், இனிஷியலோடு. அட்டையில் சிவப்பு மையால் வழக்குச் சொத்து எண், நீதிமன்ற முத்திரை. உள்ளே ஐந்தாறு விதமான கையெழுத்து. ஒரு பக்கத்தில் கறிக்குழம்புக் கறை, கட்டைவிரல் அளவில். 500, 1,000, 200. ஒரு வரியில் தொகைக்குப் பதில் 'நெல் 1 மூட்டை'. மேட்டூர் அணையை அந்த வருடம் ஆகஸ்ட் 13-ல்தான் திறந்தார்கள். வயலில் நெல் இல்லாத நேரம், வீட்டில் சோற்றுக்கு வைத்திருந்ததிலிருந்து கொடுத்திருக்கிறார். 'நாலாம் வகுப்புப் பிள்ளைகள், 140' என்று ஒரு வரி. அது அவளுடைய வகுப்பு.

நகலைத் தாயிடம் கொடுத்தபோது அவர் முதலில் தேடியது அந்த நெல் மூட்டைக்காரரை. "இது எங்க பெரியப்பா மொறங்க. வாங்கிக்கவே மாட்டாரு. இருந்தாலும் கொண்டுபோய் எறக்கணும்."

இனி வழக்கை முடிக்க வேண்டும். கணக்கு முடக்கத்தில் ஒரு பிடி கிடைத்தது. வங்கிக் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய சொத்துதான் என்று 1999-லேயே தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102-வது பிரிவின்படி கைப்பற்றியதை உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே பல வாரம் கழித்துத்தான் தெரிவித்திருந்தார்கள். வாட்ஸ்அப் படங்களுக்கு, மின்னணுச் சான்றுக்கு வேண்டிய 65-பி சான்றிதழும் இல்லை. அது கட்டாயம் என்று அந்த ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொல்லியிருந்தது. இவற்றை வைத்து வழக்கை உடைத்திருக்கலாம். உடைத்தால் இருவரும் வெளியே வருவார்கள், அவர்கள் மேல் விழுந்த பேச்சு அப்படியே நிற்கும். அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது அது இல்லை.

எலக்ட்ரீஷியனை உட்கார வைத்துப் பேசினேன். தம்பி, நீ ஒரு ரூபாய் எடுக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் 18 லட்சத்தை உன் சொந்தக் கணக்கில் வாங்கினாய். முதல் இரண்டு மாதம் பில்லைப் படம் எடுத்துப் போட்டாய், பிறகு நிறுத்திவிட்டாய். ஏன்? அவன் சொன்னான்: "பாப்பாவுக்கு முடியாமப் போனப்புறம் பில்லு போடுறதுக்கு மனசு வரல சார்." அந்தப் பதிலை நான் நம்பினேன். பணம் கொடுத்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. நன்றாக இருக்கும்போது கணக்குச் சொல்வது எல்லோராலும் முடியும். நிலைமை கெட்டபோதுதான் கணக்கு அதிகம் தேவைப்படுகிறது. அங்கேதான் அவன் தவறினான்.

எட்டுப் பேரும் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். மருத்துவமனை ரசீதுகள், சென்னையில் தங்கிய அறை வாடகை, ஆம்புலன்ஸ் சீட்டு, ஐஸ் பெட்டி. அது அத்தனையும் அதே ஃபேஸ்புக் பக்கத்திலும் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டப்பட்டது. கீழே ஒரு கேள்வி: மீதி 10 லட்சத்தில் உங்கள் பங்கு உங்களுக்கு வேண்டுமா, அல்லது இதே நோய் உள்ள வேறு குழந்தைகளுக்குப் போகலாமா? நோட்டில் இருந்தவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். இணையத்தில் அனுப்பியவர்களுக்குச் செய்தி போயிற்று. திரும்பக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. கேட்டவர்களை யாரும் தப்பாகப் பேசக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அது அவர்கள் பணம்.

திருப்பூர்க் கடைக்காரர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வெகுநேரம் பேசவில்லை. "அந்தம்மாகிட்ட நான் நேர்ல மன்னிப்புக் கேக்கணும் சார்" என்றார். வந்தார். தாய் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். சமரசமானால் இத்தகைய வழக்குகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் வகுத்த வழி இருக்கிறது. கூட்டு மனுப் போட்டோம். 2021-ல் மதுரைக் கிளை எஃப்.ஐ.ஆரை இந்த இருவர் அளவில் ரத்து செய்தது. படத்தைத் திருடியவன் மேல் வழக்கு நிலுவையில் நின்றது. அவன் அகப்படவில்லை. கணக்கு திறந்தது. மீதிப் பணம் குழந்தைகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் ஒரு தருமஸ்தாபனத்துக்குப் போயிற்று, நன்கொடையாளர் பட்டியலோடு.

படம் மட்டும் திரும்பவில்லை. தகவல் கொடுத்து நீக்கச் சொன்ன இடங்களில் நீக்கினார்கள். அது வேறு எங்கோ மறுபடி முளைத்தது. இன்றும் எப்போதாவது யாராவது எனக்கு அனுப்பி, இது உண்மையா என்று கேட்கிறார்கள். அப்போதெல்லாம் 1948-ல் பாஸ்டனில் நடந்த ஒன்றை நினைத்துக்கொள்வேன். சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, தன் வார்டிலிருந்த பன்னிரண்டு வயதுப் பையனை வானொலியில் நேரலையாகப் பேச வைத்தார். ஊர்ப் பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர்கள் பையனின் அறைக்கே வந்து பேசினார்கள். அவனுக்கு ஒரு டெலிவிஷன் வேண்டும் என்றார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. புற்றுநோய்க்காக ஊடகம் வழியே பெருந்தொகை திரட்டிய ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. அதில் அந்தப் பையனின் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. ஜிம்மி என்று ஒரு பெயர் வைத்தார்கள், அவனைக் காப்பதற்காக. ஜிம்மி பிழைத்து, வளர்ந்து, லாரி ஓட்டி, ஐம்பது வருடம் கழித்து 1998-ல் நான்தான் அது என்று வெளியே வந்தார். எந்நேரம் வெளியே வருவது என்பது அவர் முடிவாக இருந்தது. எங்கள் குழந்தைக்கு அந்த முடிவை எடுக்க யாரும் இடம் விடவில்லை. மொட்டைத் தலையோடு படம் போட்டால்தான் பணம் வரும் என்று பையன்கள் நம்பினார்கள். ஆனால் நோட்டில் இருந்த 7 லட்சமும் அவளைத் தெரிந்தவர்கள் கொடுத்தது. அவர்களுக்குப் படம் தேவையிருக்கவில்லை.

இப்போது யாராவது இப்படி வசூல் செய்யப் போகிறோம் என்று என்னிடம் வந்தால், முத்திரைத்தாளில் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன், கட்டணம் வாங்குவதில்லை. மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடிகிற கணக்கு. முடிந்தவரை மருத்துவமனைக்கே நேராகக் கட்டுவது. குழந்தையின் முகம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தால், அனுப்புகிறவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது. பிறகு கடைசி வரி. அதை எழுதும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை. குழந்தை பிழைக்காமல் போனால் மீதியை என்ன செய்வது என்கிற வரி. ஊருக்குக் கொண்டுவரும் செலவு இந்த நிதியில் சேரும் என்றும் அதிலேயே எழுதிவிடுகிறேன்.

2023 ஆவணியில் பேராவூரணி பக்கம் ஒரு கட்சிக்காரர் வீட்டு மொய் விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து மொய் வரிசையில் நின்றால், எனக்கு நாலு பேர் முன்னால் அந்தத் தாய். தையல் மிஷின் வாங்கிப் போட்டிருப்பதாக அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து மடித்த நகல் தாள்களை எடுத்து, விரலை வைத்துப் பெயரைச் சரிபார்த்துக்கொண்டார். அவர் முறை வந்ததும் ஊர் பேரைச் சொன்னார். பிறகு மகளின் பெயரைச் சொன்னார்.

"இனிஷியல்?" என்று எழுத்தர் நிமிராமல் கேட்டார்.

சொன்னார். ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள், அதன் மேல் ஒரு இருநூறு ரூபாய்த் தாள் வைத்தார்.

"பழசு ஐந்நூறு, புதுசு எரநூறா?"

"ஆமாங்க," என்றார். "புதுசயும் அதே பேருலயே எழுதுங்க."